க்ளவுன் மீனும் அனிமோனும் ஒத்துப்போகவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் ஒரே புகாருக்குத்தான்: "ஜோடி செட் ஆகலை." க்ளவுன் மீன் குடியிருக்க வேண்டிய அனிமோனை, அதாவது கொட்டும் இழைகள் உள்ள கடல் உயிரை, ஏறெடுத்தும் பார்க்கவில்லை, அல்லது அனிமோன் சுருண்டு கிடக்கிறது, அல்லது தொட்டியில் இருந்த வேறொரு மீனைக் காணவில்லை. போய்ப் பார்த்தால் க்ளவுன் மீனிடம் கோளாறு இருப்பது அபூர்வம். அனிமோனுக்குத்தான் ஏதோ சரியில்லாமல் இருக்கும், அதற்கும் காரணம் தண்ணீராக இருக்கும். ஆகவே மீனை மாற்றலாமா என்று யோசிக்கும் முன் அனிமோனைப் பாருங்கள். அனிமோனில் கை வைக்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் இதுதான் வரிசை. காசு செலவாகாத காரணம் முதலில் வரும், பணம் பிடிக்கும் காரணம் கடைசியில் வரும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

டெஸ்ட் கிட்டை எடுத்து எண்களைத் தாளில் எழுதுங்கள். "தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்பது எண் ஆகாது.

- உப்பளவு: ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை, அதாவது 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு)
- வெப்பம்: 25 முதல் 27 டிகிரி செல்சியஸ்
- அமோனியா, நைட்ரைட்: இரண்டும் பூஜ்யம்
- நைட்ரேட்: 20 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 20 பங்கு)
- பிஎச்: 8.1 முதல் 8.4
- ஆல்கலினிட்டி (பிஎச் ஆடாமல் தாங்கும் திறன்): 8 முதல் 11 டிகேஎச்

உப்பளவைக் காட்டும் கருவியையே முதலில் சந்தேகப்படுங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலே அளவு தப்பிவிடும். ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருந்தால் அதை 35 பிபிடி திரவத்தை விட்டுச் சரிபாருங்கள். வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிறது என்பதால் மட்டும் 35-இலும் சரியாகக் காட்டும் என்று நம்ப முடியாது.

அடுத்தது தொட்டியின் வயது. தண்ணீர் நிரப்பி ஆறு மாதம்கூட ஆகாத தொட்டியில் அனிமோன் நிலைப்பது கடினம். டெஸ்ட் கிட்டில் எல்லாம் சரியாகக் காட்டினாலும் புதுத் தொட்டியில் காலை ஒன்று, மாலை ஒன்று என்று ஏறி இறங்கும். மீன் அதைத் தாங்கிக்கொள்ளும், அனிமோன் தாங்காது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். சமையலறை ஆர்ஓ மெஷின் குடிப்பதற்காகத் தாது உப்பைத் திரும்பக் கலந்து தரும். அதன் டிடிஎஸ் 50, 100 என்று இருக்கும். உப்புநீர்த் தொட்டிக்கு, மிச்சத் தாதுவையும் நீக்கும் டிஐ ஃபில்டர் சேர்ந்த ஆர்ஓ வேண்டும், டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். கடற்கரையில் கேன் பிடித்து ஊற்றுபவர்கள் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நிறுத்திக்கொள்வது நல்லது. அந்தச் சமயத்தில் நம் கிழக்குக் கரையோரத் தண்ணீரின் உப்பளவு நன்றாக இறங்கிவிடும், ஆற்று முகத்துவாரங்களில் இருந்து சாக்கடையும் கலக்கும்.

எண்கள் கையில் இருக்கின்றனவா? சரி, இப்போது உங்கள் அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 1: மீன் அனிமோன் பக்கமே போகவில்லை

இந்தப் பகுதி, அனிமோன் நன்றாக இருக்கும் தொட்டிக்கு மட்டும். அதாவது விரிந்திருக்கிறது, நிறம் இருக்கிறது, பாதம், அதாவது ஒட்டிக்கொள்ளும் அடிப்பகுதி, ஒரே இடத்தில் பிடித்திருக்கிறது. அப்படி இல்லையென்றால் அறிகுறி 3 அல்லது 4-க்குப் போய்விட்டு அப்புறம் இங்கே வாருங்கள். நோஞ்சான் அனிமோனுக்குள் மீன் போகாமல் இருப்பது அனிமோனுக்கு நல்லதுதான்.

*இன்னும் நேரம் ஆகவில்லை.* இன்று கடைகளில் கிடைக்கும் க்ளவுன்களில் பல பண்ணையில் பிறந்தவை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையமும் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் க்ளவுன் குஞ்சு பொரிக்கும் முறைகளை உருவாக்கியிருக்கின்றன. அப்படிக் கண்ணாடித் தொட்டியில் வளர்ந்த மீன் அனிமோனையே கண்டிருக்காது. சில மீன்கள் முதல் நாளே போய் உட்கார்ந்துகொள்ளும், சிலவற்றுக்கு வாரங்கள், சிலவற்றுக்கு மாதங்கள்கூட ஆகும். நடுவில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். மீன் முதலில் வால் நுனியால் ஒரு டெண்டகிளை, அதாவது அனிமோனின் கொட்டும் இழையைத் தட்டும், சுரீரென்று பட்டதும் துள்ளி விலகும். மறுபடி வந்து வயிற்றின் ஓரத்தை உரசும். நெளிந்து நெளிந்து நீந்தும். அந்த உரசலில்தான் அதன் தோல் வழவழப்பு அனிமோனுக்குப் பழகி, கொட்டு விழாமல் போகிறது. இந்த ஒத்திகை நடக்கிறது என்றால் நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமில்லை.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. மீனை வலையில் பிடித்து அனிமோன் மேல் அழுத்தாதீர்கள். பழகாத தோலில் கொட்டு வாங்கிய மீன் அதன்பிறகு அந்தப் பக்கமே வராது. தொட்டிக் கண்ணாடியில் அனிமோன் படம் ஒட்டுவது, வீடியோ காட்டுவது எல்லாம் தீங்கில்லாத முயற்சிகள்; நான் அவற்றை நம்பி உட்கார மாட்டேன்.

*மீன் வேறு வீடு பிடித்துவிட்டது.* வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் விசிறி பம்ப்) ஓரம், ஹீட்டர் பின்பக்கம், ஓவர்ஃப்ளோ மூலை, ஏதாவது ஒரு மென்பவளம். மீன் இரவில் எங்கே தூங்குகிறது என்று விளக்கு அணைந்தபின் பாருங்கள், தெரிந்துவிடும். அந்தக் கருவியை இடம் மாற்றுங்கள், அல்லது பாறையோடு அனிமோனை அந்த மூலைக்கு அருகே நகர்த்துங்கள். இரண்டாவதில் வெற்றி அதிகம். பாறையை மட்டும் தூக்குங்கள், அனிமோனைப் பிடுங்க வேண்டாம்.

*வேறு மீன் விரட்டுகிறது.* டாமினோ டாம்செல், அதாவது கறுப்பில் மூன்று வெள்ளைப் புள்ளி உள்ளது, குட்டியாக இருக்கும்போது அதுவும் அனிமோனில்தான் வாழும். அது முதலில் குடியேறிவிட்டால் சின்ன க்ளவுனை உள்ளே விடாது. உணவு போட்டுவிட்டு அறையில் அசையாமல் நின்று கவனித்தால் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பது தெரியும். டாம்செல்லைக் கடையில் திருப்பிக் கொடுப்பதுதான் தீர்வு.

*ஜோடியே பொருந்தாதது.* செலவு வைக்கும் காரணம் இது. க்ளவுன் மீன் குடியிருக்கும் அனிமோன் இனங்கள் பத்துதான், ஒவ்வொரு க்ளவுனுக்கும் அதில் தனி விருப்பம் உண்டு.

எல்லாரும் வாங்கும் ஆரஞ்சு ஓசெல்லாரிஸ் க்ளவுன் கடலில் இருப்பது ரிட்டேரி எனப்படும் மாக்னிஃபிகா, ஜைகாண்டியா கார்பெட், மெர்டென்ஸி கார்பெட் ஆகிய மூன்றில். மூன்றுமே வீட்டுத் தொட்டிக்குக் கடினமானவை. மெர்டென்ஸி ஒரு மீட்டருக்கும் மேல் விரியக்கூடியது. பெர்குலா க்ளவுனுக்கு மாக்னிஃபிகா, கிரிஸ்பா, ஜைகாண்டியா. தக்காளி க்ளவுனுக்கும் மரூன் க்ளவுனுக்கும் பபிள் டிப் அனிமோன் சொந்த வீடு. மரூன் கடலில் வேறெதிலும் இருப்பதில்லை. கிளார்க்கி க்ளவுன் மட்டும் பத்து இனத்திலும் இருக்கும், இதுவரை க்ளவுன் வளர்க்காதவர் "கண்டிப்பாக அனிமோனில் உட்காரணும்" என்று கேட்டால் நான் சொல்வது கிளார்க்கிதான்.

ஓசெல்லாரிஸ் வைத்திருப்பவர்கள் வாங்க வேண்டியது பபிள் டிப்தான். கடலில் அந்த ஜோடி இல்லை என்றாலும் தொட்டியில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. பபிள் டிப் தாக்குப்பிடிக்கும், பண்ணையில் பிரித்து வளர்த்ததும் கிடைக்கும். நான்கைந்து மாதம் பொறுத்தும் போகவில்லையா? மீனும் நன்றாக இருக்கிறது, அனிமோனும் நன்றாக இருக்கிறது என்றால் அப்படியே விடுங்கள். அனிமோன் இல்லாமலே க்ளவுன் பல வருடம் நலமாக வாழும், குஞ்சும் பொரிக்கும்.

கடையில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. "செபே அனிமோன்" என்று விற்பது கிரிஸ்பாவை. ஆனால் செபே க்ளவுன் நம் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடாப் பக்கம் வாழ்வது ஹடோனி கார்பெட்டில். பெயர் ஒத்துப்போகிறதே என்று ஜோடியாக வாங்கி வந்து ஏமாறுகிறார்கள்.

செரியாந்தஸ் எனப்படும் டியூப் அனிமோன், கரீபியன் காண்டிலாக்டிஸ் இரண்டும் க்ளவுனின் வீடு அல்ல. அழகாக இருக்கிறது என்று அவற்றை வாங்கிவிட்டு மீன் போகவில்லை என்று வருந்த வேண்டாம். போனால்தான் ஆபத்து.

அறிகுறி 2: அனிமோன் ஊர்ந்துகொண்டே இருக்கிறது

*வேவ்மேக்கர் பக்கம் போகிறதா?* மற்ற எதையும் படிக்கும் முன் அதை அணையுங்கள். விசிறிக்குள் இழுக்கப்பட்ட அனிமோன் ஒரு ராத்திரியில் தொட்டியையே கெடுத்துவிடும். ஸ்பாஞ்ச் உறையோ சல்லடை மூடியோ மாட்டிய பிறகுதான் திரும்பப் போடுங்கள். உறையைக் கொஞ்ச நாளுக்கு ஒருமுறை கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

*வந்து ஓரிரு வாரம்தான் ஆகிறதா?* அலையட்டும். இடம் தேடுகிறது.

*அடியில் சரியான பிடி இல்லையா?* பபிள் டிப்புக்குப் பாதத்தை உள்ளே செருகிக்கொள்ளப் பாறை இடுக்கு வேண்டும். கிரிஸ்பா, லாங் டெண்டகிள், ஹடோனி மூன்றுக்கும் மணல் வேண்டும். லாங் டெண்டகிளுக்குப் பத்து சென்டிமீட்டருக்குக் குறையாமல். மெல்லிய மணல் தூவிய தொட்டியில் லாங் டெண்டகிளை வைத்துவிட்டு வெளிச்சத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இடுக்கு உண்டாக்க உலர் பாறையோ செயற்கைப் பாறையோ போதும். கடலில் பெயர்த்த கற்பவளத்தை வாங்காதீர்கள். அது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது.

*மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா?* மேலே ஏறி ஒளியின் நேர் கீழே நின்றால் வெளிச்சம் போதவில்லை. பாறைக்கு அடியில் ஒளிந்துகொண்டால் ஒளி அதிகம், அல்லது நீரோட்டம் நேராக அடிக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஒரு வாரம் விடுங்கள். ஒளியையும் ஓட்டத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. மாக்னிஃபிகா மட்டும் எப்போதுமே உச்சிக்கு ஏறும், அதற்கு உச்சியிலேயே பாறை அமைத்துத் தர வேண்டும்.

*அமைதியாக இருந்தது திடீரென நகர்ந்தால்* தண்ணீர்தான். எண்களை மறுபடி எடுங்கள். எல்லாம் சரியாக இருந்து, வெளிச்சம் மட்டும் போதாது என்று உறுதியானால் புது எல்இடி வாங்க வேண்டியிருக்கும். வாங்கும் முன் கடல் தொட்டி பராமரிப்பவர் ஒருவரிடம் பார் மீட்டர் (அனிமோனுக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவி) இருந்தால் அளக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் நீல விளக்கு அனிமோனுக்குப் போதாமல் இருக்கலாம்.

அது எங்கே நின்றாலும் பாதத்தை நகத்தால் பெயர்க்காதீர்கள். பாதம் கிழிந்த அனிமோன் பிழைப்பது அரிது.

அறிகுறி 3: சுருங்கிக் கிடக்கிறது

இந்த அறிகுறிக்குத்தான் பயந்துபோய் ஆளாளுக்கு ஏதாவது ஊற்றிக் கொன்றுவிடுகிறார்கள். அனிமோனுக்கு உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே வாய்தான். தின்று முடித்த கழிவை வெளியே தள்ள அது உடம்பிலுள்ள தண்ணீரையே பிதுக்கிவிட்டுச் சில மணி நேரம் சுருங்கிக் கிடக்கும். பழுப்புச் சளி ஒரு இழை வெளியே வரும். மறுநாள் விரிந்துவிடும். சில அனிமோன்கள் இரவானாலே சுருங்கும். பபிள் டிப்பின் முனையில் உள்ள உருண்டை மறைந்து நீளமாகிப் போவதும் நோய் அல்ல.

நோய்தானா என்று தெரிந்துகொள்ள வாயைப் பாருங்கள். டார்ச் அடித்து நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். நலமான அனிமோனின் வாய் இறுக மூடிய சிறு கோடாக இருக்கும். கெட்டுப்போகும் அனிமோனின் வாய் தளர்ந்து திறந்து, உள்ளே இருக்கும் வெள்ளை மடிப்புகள் வெளியே தொங்கும்.

*சுருங்கி விரிகிறது, வாய் மூடியிருக்கிறது:* ஒன்றும் செய்ய வேண்டாம். தீனி அளவைக் கொஞ்சம் குறையுங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, சுண்டுவிரல் நகத்தளவு இறால் துண்டு போதும். பெரிய துண்டு கொடுத்தால் பாதி செரித்துத் துப்பிவிடும், அது தண்ணீரைக் கெடுக்கும்.

*ஒரு நாளைக்கு மேல் சுருக்கம், வாய் மூடியிருக்கிறது:* உப்பளவையும் வெப்பத்தையும் சோதியுங்கள். கோடையில் சென்னை, மதுரை வீடுகளில் ஏசி அணைந்தபின் தொட்டி 30-ஐத் தாண்டும். விசிறியை நீர்ப்பரப்பில் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையலாம். காற்றில் ஈரம் அதிகமுள்ள கடலோர ஊர்களில் அவ்வளவுகூடக் குறையாது. ஆனால் விசிறி தண்ணீரை ஆவியாக்கும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு ஆர்ஓ தண்ணீரைத் தினமும் சேர்க்காவிட்டால் உப்பளவு ஏறிக்கொண்டே போகும். உப்புத் தண்ணீரால் நிரப்பினால் இன்னும் மோசம். வெயிலுக்கு முன்பே சில்லர் வாங்க முடிந்தால் வாங்குங்கள், மற்றபடி விசிறியும் தானாக நீர் நிரப்பும் கருவியும் சேர்ந்து ஓரளவு காப்பாற்றும்.

*இரண்டு வகை அனிமோன் இருக்கிறதா?* வேறுவேறு இனங்கள் ஒன்றையொன்று தண்ணீர் வழியாகவே நச்சு விட்டுத் தாக்கும். தொட்டு நிற்க வேண்டியதில்லை. ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள், ஒன்றைப் பிறரிடம் கொடுங்கள். ஒரே பபிள் டிப் பிரிந்து உண்டான இரண்டுக்குள் சண்டை வராது.

*மருந்து போட்டீர்களா?* செம்பு கலந்த மீன் மருந்து ஒரு சொட்டுக்கூட அனிமோனுக்கு ஆகாது. பழைய தொட்டியை வாங்கியிருந்தால் முன்பு அதில் செம்பு மருந்து போட்டார்களா என்று கேளுங்கள், பாறையிலும் சிலிக்கானிலும் தங்கியிருக்கும். தண்ணீர் பித்தளை வால்வு வழியாக வருகிறதா என்றும் பாருங்கள். செம்பு டெஸ்ட் கிட் தனியாகக் கிடைக்கும்.

*வாய் திறந்திருக்கிறது, மூன்று நாளாகச் சுருக்கம்:* இப்போது ஆள் கூப்பிட வேண்டும். தனித் தொட்டியில் வைத்து நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து மீட்பவர்கள் இருக்கிறார்கள். அளவும் நாளும் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை அது. மருந்துக்கடையில் நீங்களாகவே மாத்திரை வாங்கி முதன்மைத் தொட்டியில் கரைக்காதீர்கள், பாறையிலுள்ள நல்ல பாக்டீரியாவும் சாகும்.

*அழுகல் நாற்றம், கையில் பட்டால் நார்நாராக உரிகிறது, பாதம் எதையும் பிடிக்கவில்லை:* செத்துவிட்டது. கையுறை போட்டு, ஒரு டப்பாவைத் தண்ணீருக்குள் இறக்கி அதற்குள் தள்ளி எடுங்கள். வலையில் அள்ளினால் கரைந்து தொட்டி முழுக்கப் பரவும். உடனே 30 சதவீதம் தண்ணீர் மாற்றி, புதுக் கார்பன் போட்டு, அன்றும் மறுநாளும் அமோனியா பாருங்கள்.

அறிகுறி 4: வெளுத்துப்போனது

பழுப்பு, பச்சை, சிவப்பு எதுவுமில்லாமல் கண்ணாடி வெள்ளை. உடம்புக்குள் இருந்த பாசிகள் வெளியேறிவிட்டன என்று அர்த்தம். அனிமோனின் உணவில் பெரும்பங்கு அவற்றிடம் இருந்துதான் வருகிறது. 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்ததும் இப்படித்தான், காரணம் வெப்பம்.

கடையிலேயே வெள்ளையாக இருந்ததா? அப்படியானால் அது சரக்கு வந்த வழியில் நடந்தது, உங்கள் தொட்டியைக் குறை சொல்ல வேண்டாம். மஞ்சள், ஊதா, அடர் ரோஸ் என்று பளபளக்கும் அனிமோன்களில் சில வெளுத்ததற்குச் சாயம் ஏற்றியவை. சில வாரத்தில் சாயம் போய் வெள்ளையாகும். வாங்கும்போதே பழுப்பு அல்லது தேன் நிறச் சாயல் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் தொட்டியில் வெளுத்தது என்றால் முதலில் வெப்பத்தைச் சோதியுங்கள், அடுத்தது புது விளக்கு. விளக்கு மாற்றியவர்கள் பாதி அளவுக்குக் குறைத்து, பல வாரம் எடுத்துக்கொண்டு மெல்ல ஏற்ற வேண்டும். வாய் மூடி, பாதம் பிடித்திருந்தால் வெளுத்த அனிமோன் மீளும். வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் பொடிப்பொடியாக மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்) அல்லது அரைத்த இறால் கொடுங்கள், டெண்டகிள் பிடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். மாதங்கள் ஆகும். க்ளவுனை அதுவரை துளைத் தடுப்பு வைத்துப் பிரித்துவிடுங்கள். பலவீனமான அனிமோனை மீன் உரசி உரசியே களைப்பாக்கிவிடும்.

அறிகுறி 5: தொட்டியில் வேறு மீன்கள் குறைகின்றன

கார்பெட் அனிமோன், குறிப்பாக ஹடோனி, மீனைப் பிடித்துத் தின்னும். கையில் ஒட்டினால் பிசின் போல இழுக்கும், அந்தப் பசை அவ்வளவு வலுவானது. கோபி, மண்டரின், கடற்குதிரை, டார்ட் மீன் ஆகியவற்றை ஹடோனி இருக்கும் தொட்டியில் வைக்காதீர்கள். அவை இரவில் மணலோரம் தூங்கும், அல்லது திடுக்கிட்டுப் பாய்ந்து அனிமோனில் விழும். டாங், ராஸ் மாதிரி வேகமாக நீந்துபவை விலகிப் போய்விடும்.

*பபிள் டிப்தான் இருக்கிறதா?* நலமான மீனை அது பிடிப்பது குறைவு. அதன் வாயில் ஒரு மீனைப் பார்த்தால், அந்த மீன் நோயாலோ துரத்தலாலோ முன்பே தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அனிமோனைத் தூக்கி எறியும் முன் அறிகுறி 7-ஐப் பாருங்கள்.

*க்ளவுனே கொட்டுப்பட்டதா?* நோயில் தோல் வழவழப்பை இழந்த க்ளவுனும், வெகுநாள் பிரிந்திருந்து திரும்ப வந்த க்ளவுனும் கொட்டுப்படும்.

*அனிமோன்தான் கடிபடுகிறதா?* எதிர்ப்பக்கமும் உண்டு. ரக்கூன் பட்டாம்பூச்சி மீனை, களையாகப் பரவும் ஐப்டேசியா என்ற சிறு அனிமோனைத் தின்ன வைப்பார்கள், அது உங்கள் அனிமோனையும் தின்னும். டிரிகர், பஃபர், பெரிய ஏஞ்சல் மூன்றும் டெண்டகிளைக் கடித்துப் பார்க்கும். நுனி வெட்டுப்பட்ட டெண்டகிள் தெரிந்தால் இவர்கள்தான். ஒன்று அவர்கள் இருக்கட்டும், அல்லது அனிமோன் இருக்கட்டும். தடுப்பு வைத்துச் சமாளிப்பது நீடிக்காது.

அறிகுறி 6: க்ளவுன் அனிமோனை நசுக்குகிறது, அல்லது எல்லாரையும் கடிக்கிறது

*மீன் பெரிது, அனிமோன் சிறிது:* வளர்ந்த மரூன் பெண் 15 சென்டிமீட்டர் போகும். உள்ளங்கை அளவு பபிள் டிப்பில் அது புரண்டால் அனிமோன் விரியவே விரியாது. கறாரான கணக்கு எதுவும் இல்லை; விரிந்த அனிமோன் மீனின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால் நிம்மதி என்பது என் பழக்கம். அதுவரை பிரித்து வையுங்கள்.

*மூன்றாவது க்ளவுன்:* க்ளவுன் கூட்டத்தில் பெரியது பெண், அடுத்தது ஆண். பெண் செத்தால் அந்த ஆணே பெண்ணாக மாறும். வீட்டுத் தொட்டியில் ஒரு ஜோடிக்குத்தான் இடம். ஒரே அளவில் வளர்ந்த இரண்டைச் சேர்த்தால் சண்டை. ஒன்று தெளிவாகச் சிறியதாக இருக்கட்டும். சிறியது பெரியதன் முன்னே உடம்பைக் குலுக்கினால் "நீதான் பெரியவள்" என்று ஒத்துக்கொண்டுவிட்டது, சேர்ந்துவிடும். இருவேறு க்ளவுன் இனங்களை ஒரே தொட்டியில் போடாதீர்கள்.

*திடீர் மூர்க்கம்:* அனிமோனின் அடிப்பக்கப் பாறையைப் பாருங்கள், ஆரஞ்சு முட்டைகள் ஒட்டியிருக்கலாம். ஒரு வாரம், பத்து நாளில் பொரித்ததும் கோபம் தணியும். அந்த நாட்களில் தொட்டியில் கை விட வேண்டியிருந்தால் கையுறை போடுங்கள்.

*முதலில் வந்த க்ளவுன், பின்னால் வந்த எல்லாரையும் விரட்டுகிறது:* அதைச் சில நாள் துளைப்பெட்டியில் அடைத்து, பாறைகளை மாற்றி அடுக்கிவிட்டு, கடைசியில் திரும்ப விடுங்கள். மரூனிடம் இது பெரும்பாலும் பலிக்காது.

அறிகுறி 7: அனிமோனில் இருந்த மீன் விலகி வந்துவிட்டது

மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்த மீன் வெளியே வந்து நீர்ப்பரப்பிலோ நீரோட்டத்திலோ மூச்சிரைக்க நின்றால், அனிமோனை விடுங்கள், மீனைப் பாருங்கள்.

- உப்புப் பரல் அளவில் எண்ணக்கூடிய வெள்ளைப் புள்ளிகள்: கடல் இக்.
- நுண்ணிய தூசி படர்ந்த தோல், வேகமான மூச்சு: வெல்வெட். ஓரிரு நாளில் கொல்லும்.
- சாம்பல் நிறச் சளி, தோல் உரிதல்: புரூக்லினெல்லா. கடலில் பிடித்த க்ளவுன்களிடம் அதிகம்.

மூன்றும் ஒட்டுண்ணி நோய்கள். எதுவானாலும் மருந்து அனிமோன் இருக்கும் தொட்டியில் போடக்கூடாது. எல்லா மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். பிவிசி குழாய்த் துண்டு, ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். இக்கும் வெல்வெட்டும் செம்பு மருந்தில் தீரும், செம்பின் அளவைத் தினமும் டெஸ்ட் கிட்டில் பார்க்க வேண்டும். புரூக்லினெல்லாவுக்குச் செம்பு கேட்காது, ஃபார்மலின் வேண்டும். ஃபார்மலின் உங்கள் மூச்சுக்கும் ஆபத்து. மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரிடமோ மீன்வளக் கல்லூரி ஆய்வகத்திலோ கேட்டுச் செய்யுங்கள். வெல்வெட், புரூக்லினெல்லா சந்தேகம் என்றால் அன்றைக்கே போன் செய்யுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

அனிமோன் தொட்டி பத்து, பதினோரு வாரம் மீனே இல்லாமல் கிடக்கட்டும். மீன் கிடைக்காத ஒட்டுண்ணி அதற்குள் அற்றுப்போகும். அந்த வாரங்களில் அனிமோனுக்குத் தீனி கொடுக்க மறக்காதீர்கள்.

அறிகுறி 8: ஒரே நேரத்தில் எல்லாமே சுருங்கிவிட்டன

அனிமோன், நத்தை, இறால், மீன் எல்லாமே சில மணி நேரத்தில் மாறிவிட்டால், அது ஜோடிப் பிரச்சினை இல்லை.

*அறையில் எதையாவது அடித்தீர்களா?* கொசு ஸ்ப்ரே, கரப்பான் மருந்து, ரூம் ஃப்ரெஷ்னர், பெயின்ட். ஏர்பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் விடுகிறது. ஜன்னலைத் திறந்து, ஏர்பம்ப்பை வேறு அறையில் வைத்து, கார்பன் போட்டு, பெரிய அளவில் தண்ணீர் மாற்றுங்கள். கையில் சோப்பு, கிரீம், சானிடைசர் இருந்து தொட்டியில் விட்டிருந்தாலும் இதே வைத்தியம்தான்.

*கரண்ட் போனதா?* மின்வெட்டில் முதலில் குறைவது ஆக்சிஜன். பேட்டரி ஏர்பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும், வேவ்மேக்கரை இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். அதுவரை ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாலும் மீன் தாங்கும்.

*பெரிய தண்ணீர் மாற்றம் செய்தீர்களா?* புது உப்பு முழுதாகக் கரையவும் கலக்கவும் ஒரு நாள் பம்ப் ஓட வேண்டும். கலங்கலாக இருக்கும்போதே ஊற்றினால் அனிமோன் சுருங்கும். உப்பளவு, வெப்பம் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, வாரம் 10 சதவீதம் என்று மாற்றினால் இந்தத் தொல்லை வராது.

*தண்ணீரில் கை வைத்ததும் சுர்ரென்கிறதா?* கையை எடுங்கள், தொட்டியைத் தொடாமல் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். ஹீட்டர் கண்ணாடி விரிசல் விட்டிருக்கலாம், பம்ப் வயர் உரிந்திருக்கலாம். இதில் நீங்களாக எதையும் கழற்றிப் பார்க்க வேண்டாம். எலெக்ட்ரீஷியன் வந்து எர்த் சரிபார்த்து, தொட்டி இருக்கும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டிய பிறகு, ஒவ்வொரு கருவியாகப் போட்டு எதில் கசிகிறது என்று கண்டுபிடிப்பார். அவர் வரும்வரை தொட்டிக்கு பேட்டரி ஏர்பம்ப் மட்டும் போதும்.